ஒட்னி அனுப்பிய விருந்தாளிகள்

செல்விக் என்ற ஊரின் நீச்சல் குளக் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கும் ஒட்னியைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் கிடையாது. மொத்த ஊருமே முந்நூறு பேர்தான் என்பதால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் பார்சிலோனாவிலும் சியோலிலும்கூட அவளை ஞாபகம் வைத்திருந்த ஆட்கள் உண்டு. ஐஸ்லாந்தை ஒரு சுற்றுச் சுற்றி வரும் சாலை, கிழக்குக் கரையில் செல்விக்கின் வாசலைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. வாடகைக் காரை எடுத்துக்கொண்டு தீவைச் சுற்றக் கிளம்பியவர்கள் பாதி வழியில் முதுகு வலியோடு அங்கே வந்து சேர்வார்கள். சுடுநீர்த் தொட்டியில் கழுத்துவரை மூழ்கிக் கிடந்துவிட்டு, போகும்போது கவுண்ட்டரில் நின்று, "அடுத்து எங்க போகலாம்?" என்று கேட்பார்கள்.

ஒட்னி சொல்லுவாள். எந்த அருவிக்கு எந்தக் கரையிலிருந்து போனால் நனையாமல் பார்க்கலாம், ஆக்குரேரியில் எந்தக் கடையில் ஐஸ்கிரீம் நன்றாக இருக்கும், மீவாட்ன் ஏரிக்கரையில் பூச்சி மூக்குக்குள் போகாமல் இருக்க என்ன செய்வது, எல்லாம் விரல் நுனியில் இருக்கும். அங்கெல்லாம் அவள் போனதில்லை என்பதை மட்டும் சொல்ல மாட்டாள். மறைக்க வேண்டும் என்றில்லை. யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

தலைநகர் ரெய்க்யாவிக்குக்கு அவள் போயிருக்கிறாள். எப்போதும் தென்கரை வழியாகப் போய், தென்கரை வழியாகவே திரும்புவாள். வடக்கே போக நேரம் அமையவில்லை. கோடையில் குளத்தை விட்டு நகர முடியாது. குளிர்காலத்தில் மலைப்பாதைகளைப் பனி மூடிவிடும். அப்படியே ஐம்பத்து நான்கு வயதாகிவிட்டது. வடக்கு மேற்கெல்லாம் அவளுக்குப் பிறர் வாய்வழியாக வந்து சேர்ந்தவை. எதிர்த்திசையிலிருந்து வந்தவர்கள் சொன்னதைக் கேட்டுவைத்து, இந்தத் திசையிலிருந்து போகிறவர்களுக்குச் சொன்னாள்.

வாய் ஓயாத பெண் அவள். அதனால்தான் கல்யாணமும் நிலைக்கவில்லை என்று ஊரில் சொல்வார்கள். கணவன் ஹாக்கோன் சிறு படகில் தூண்டில் மீன் பிடிப்பவன். நல்ல மனிதன், ஆனால் வீட்டுக்குள் பேசமாட்டான். நாள் முழுக்க நூறு பேரோடு பேசிவிட்டு வந்து, மேசைக்கு அந்தப் பக்கம் மீன் முள்ளை ஒதுக்கும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு சாப்பிட அவளால் ஆகவில்லை. சண்டை எதுவும் இல்லாமல் பிரிந்தார்கள். மகள் ஹெர்டிஸ் இரண்டு வீட்டிலும் பல் துலக்கும் பிரஷ் வைத்துக்கொண்டு வளர்ந்தாள்.

இரண்டு வருடம் கழித்து ஹாக்கோன் மேற்குக் கரையிலிருந்து வல்போர்க்கைக் கூட்டி வந்தான். மீன் பதனிடும் ஆலையில் வேலை செய்த, கூச்சமான, ஒல்லியான பெண். ஒட்னிக்கு அவள்மேல் ஒரு வருத்தமும் இல்லை. தெருவில் பார்த்தால் தலையசைப்பாள். ஆனால் ஒட்னியின் தோழிகளுக்கு வியாழக்கிழமைதோறும் அவள் வீட்டில் கூடும் ஒரு தையல் சங்கம் இருந்தது. ஊசி நூலை யாரும் தொட்டுப் பல வருடமாகியிருந்தது. கேக் தின்பதும் ஊர்க்கதை பேசுவதும்தான் அங்கே தையல். ஒட்னி மனம் நோகுமே என்று அவர்கள் வல்போர்க்கைக் கூப்பிடவில்லை. கூப்பிடுங்கள் என்று ஒட்னிக்குச் சொல்லத் தோன்றவுமில்லை. இப்படியே பதினெட்டு வருடம் ஓடிப்போனது.

அந்த ஜூன் மாதம் குளத்தின் ஓடுகளைப் பெயர்த்துப் புதிதாகப் பதிக்க வேண்டியிருந்ததால் குளத்தை மூடினார்கள். கோடையில் ஒட்னிக்கு விடுமுறை கிடைத்தது அதுவே முதல் தடவை. சுற்றியே வந்துவிடுவது என்று முடிவு செய்தாள். ரெய்க்யாவிக்கில் நர்ஸாக இருக்கும் ஹெர்டிஸும் வருவதாக இருந்தது. கடைசி நேரத்தில் வேலை என்று கழன்றுகொண்டாள். செல்விக்கின் ஒரே கடையில் காபித்தூள் வாங்கும்போது ஒட்னி இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தாள். பின்னால் வரிசையில் நின்ற வல்போர்க் மெதுவாக, "நான் வரட்டுமா?" என்றாள்.

கடையில் இருந்த நான்கு பேரும் ரொட்டி அலமாரியையே உற்றுப் பார்த்தார்கள்.

"வாயேன்," என்று ஒட்னியின் வாய் சொல்லிவிட்டது. அவள் மூளைக்கு அந்தச் செய்தி வீட்டுக்கு வந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தது.

கிளம்பிய அன்று காலையில் ஹாக்கோன் கார் டயர்களை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்தான். வெண்ணெய் தடவித் தின்னக் காய்ந்த மீன் ஒரு பை கொடுத்தான். ஒட்னியின் தோழி ஒருத்தி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் போறீங்க, ரெண்டு பேரும் திரும்பி வருவீங்களா?" என்றாள்.

"வராட்டி அந்த மனுஷனுக்கு நீ சோறு போடு," என்றாள் ஒட்னி.

முதல் நாள் அவ்வளவு சுலபமாக இல்லை. ஒட்னி பேசிக்கொண்டே ஓட்டினாள். வல்போர்க் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். எகில்ஸ்டாடிரைத் தாண்டி மலைமேல் ஏறியதும், புல்லும் ஆடும் முடிந்து கறுத்த கல்வெளி ஆரம்பித்தது. அப்போது ஹாக்கோன் போன் செய்தான். "காபி வடிகட்டற தாள் எங்க?" என்று கேட்டான். இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில், "சிங்க்குக்கு மேல, இடது பக்கம்!" என்று கத்தினார்கள். அப்புறம் வல்போர்க் சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரித்து ஒட்னி கேட்டதே இல்லை. வாத்து கத்துவதைப் போல இருந்தது.

"என் வீட்டுலயும் அங்கதான் இருக்கும். அவன் எடுத்ததே கிடையாது," என்றாள் ஒட்னி.

அன்று மாலை மீவாட்ன் ஏரிக்கரையில், தரைச் சூட்டில் புதைத்து வேகவைத்த ரொட்டியையும் புகைபோட்ட மீனையும் தின்றுவிட்டு, இருவரும் வெந்நீர்க் குளத்தில் இறங்கினார்கள். பால் கலந்த மாதிரி நீலத் தண்ணீர், தலைக்கு மேலே பூச்சி மேகம். ஒட்னிக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எப்படி அவனோட இத்தனை வருஷம் இருக்கே? பேசவே மாட்டானே!"

"அதான் எனக்குப் பிடிச்சதே," என்றாள் வல்போர்க். "எங்க வீட்ல ஒம்பது பேரு. எல்லாரும் கத்திக்கிட்டே இருப்பாங்க. இவர் வீட்டுக்கு வந்தப்பதான் எனக்கு நிம்மதியா தூக்கம் வந்துச்சு." கொஞ்சம் நிறுத்தி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஆனா வருஷம் பூரா நிம்மதியாவே இருக்க முடியாது இல்லையா? வியாழக்கிழமை சாயங்காலம் உங்க வீட்டு ஜன்னல்ல வெளிச்சம் தெரியும். எல்லாரும் சிரிக்கறது எங்க வீடு வரைக்கும் கேக்கும். நான் அப்ப ரேடியோவைப் போட்டுக்குவேன்."

ஒட்னி வாயைத் திறந்தாள். ஒரு பூச்சி வாய்க்குள் போனது. அதைத் துப்பிவிட்டு, "வர்ற வியாழக்கிழமைல இருந்து நீயும் வா," என்றாள். "கேக் மட்டும் நீ செய்யணும். எங்க ஆளுங்க செய்யறது செங்கல் மாதிரி இருக்கும்."

மறுநாளிலிருந்து பயணம் வேறு மாதிரி ஆகிவிட்டது. ஒட்னி தான் இத்தனை காலம் வாயால் வரைந்துகொடுத்த ஊர்களையெல்லாம் கண்ணால் சரிபார்த்துக்கொண்டே போனாள். அருவிக்குக் கிழக்குக் கரையில் நின்றால் நனையவில்லை. சரி. ஆக்குரேரியில் சாலைச் சந்திப்பின் சிவப்பு விளக்கு இதய வடிவத்தில் எரிந்தது. அதுவும் சரி. ஐஸ்கிரீமை ருசித்து, "பாரு, நான் சொன்ன மாதிரியே இருக்கு," என்றாள், தானே அதைச் செய்தவள்போல. வல்போர்க்கும் மெல்ல மெல்லக் கிண்டல் செய்யக் கற்றுக்கொண்டாள்.

"இந்த மலை நீ சொன்ன இடத்துல இருக்கா, இல்ல நகர்த்தணுமா?"

"கொஞ்சம் இடது பக்கம் போகணும். பரவால்ல, இருக்கட்டும்."

எல்லாவற்றையும்விட ஒட்னி ஆசையோடு காத்திருந்தது ஸ்காகாஃபியோர்டுக்குத்தான். பல வருடங்களுக்கு முன் ஒரு ஜெர்மன்காரி அவளிடம் ஒரு படம் காட்டியிருந்தாள். புல்லுக்கூரை போட்ட குட்டிச் சர்ச், அதற்குப் பக்கத்தில் சிவப்புக் கூரை வீடு, உள்ளே மேசை நிறையச் சர்க்கரை தூவிச் சுருட்டிய பான்கேக். தன் ஆயுளில் அப்படி ஒன்றைத் தின்றதில்லை என்று அவள் சத்தியம் செய்திருந்தாள். அன்றிலிருந்து வடக்கே போகும் எல்லோரிடமும் ஒட்னி சொல்லி வந்தாள்: "சர்ச்சுக்குப் பக்கத்துல சிவப்புக் கூரை வீடு. கதவைத் தட்ட வேண்டாம், நேரா உள்ள போயிடுங்க."

இருவரும் நேராக உள்ளே போனார்கள். ஜன்னலோரம் நீள மேசை, ஒன்றோடொன்று பொருந்தாத பத்துப் பன்னிரண்டு கோப்பைகள். சுவர் அலமாரியில் மணி, பொம்மை, விசிறி, ஊர்பேர் தெரியாத வாழ்த்து அட்டைகள். ஒட்னி வசதியாக உட்கார்ந்து கோட்டைக் கழற்றினாள். பின்கட்டிலிருந்து குதிரை வாடையோடு, வெறும் சாக்ஸ் காலோடு, அறுபது வயதைத் தாண்டிய உயரமான ஒருவர் வந்தார். பெயர் பால்மி.

அவர் கையை நீட்டி, இரண்டு விரலைக் காட்டி, ஆங்கிலத்தில் "ரெண்டா?" என்றார்.

"ரெண்டு காபி, நாலு பான்கேக்," என்று ஒட்னி ஐஸ்லாந்து மொழியிலேயே சொன்னாள். "ஒண்ணுல ஜாம் வெச்சுடுங்க."

பால்மியின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம ஆளுங்களா! இங்க நம்ம ஆளுங்க வந்ததே இல்லையே. உக்காருங்க, உக்காருங்க."

மாவைக் கரைத்து, தேய்ந்துபோன கறுப்புச் சட்டியில் ஊற்றி, மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டிப் புரட்டினார். பான்கேக் மெல்லிய துணிபோல வந்தது. ஜெர்மன்காரி பொய் சொல்லவில்லை. ஒட்னி மூன்றாவதைச் சுருட்டிக்கொண்டே பெரிய மனுஷி தோரணையில், "நல்லா இருக்கு. கடை ஆரம்பிச்சு எத்தனை வருஷமாச்சு?" என்று கேட்டாள்.

"கடையா? கடை ஏதும்மா? இது என் வீடு."

ஒட்னியின் கை பாதியில் நின்றது.

பால்மி நிதானமாகத் தனக்கும் ஒரு காபி ஊற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். "முதல்ல ஒரு ஜெர்மன் பொம்பளை தண்ணி கேட்டு வந்துச்சு. அன்னிக்குன்னு பார்த்து என் தங்கச்சி வந்திருந்தா. பான்கேக் சுட்டுப் போட்டா. சரின்னு போயிடுச்சு. அடுத்த வருஷம் ஸ்பெயின்காரங்க ரெண்டு பேரு, சைக்கிள்ல, சொட்டச் சொட்ட நனைஞ்சு, கதவைக்கூடத் தட்டாம உள்ள வந்து உக்காந்துட்டாங்க. நான் அப்பதான் குளிச்சுட்டுத் துண்டோட நிக்கறேன்! பான்கேக் எங்கங்கறாங்க. இல்லைன்னு சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். அந்த மூஞ்சிகளைப் பார்த்தா மனசு வரலை. தங்கச்சிக்குப் போன் பண்ணி எப்படிச் செய்யறதுன்னு கேட்டேன். செருப்பு மாதிரி வந்துச்சு. அதையும் தின்னாங்க."

"அப்புறம்?" என்றாள் வல்போர்க்.

"அப்புறம் நிக்கவே இல்லை. கோடை வந்தாப் போதும், வாரத்துக்கு நாலஞ்சு வண்டி வந்துடும். யாரு சொன்னாங்கன்னு கேட்டா, எல்லாரும் ஒரே பதில்தான் சொல்றாங்க. கிழக்குல எங்கயோ நீச்சல் குளத்துல டிக்கெட் குடுக்கற ஒரு பொம்பளையாம். இப்ப யாரோ போன்ல இந்த வீட்டுக்கு நட்சத்திரமெல்லாம் போட்டுட்டாங்க. அஞ்சுக்குக் கொஞ்சம் கம்மி. ஒரு பய காபி ஆறிப்போச்சுன்னு மூணுதான் குடுத்திருக்கான்."

ஒட்னி கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காது மடல்கள் சிவந்திருந்தன. "மழை வர்ற மாதிரி இருக்கு. கிளம்பலாமா?" என்றாள்.

வெளியே பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வல்போர்க் அவளைப் பார்த்தாள், பால்மியைப் பார்த்தாள், பிறகு பதினெட்டு வருடக் கூச்சத்தையும் மொத்தமாக உதறிவிட்டு, "இவதான் அந்தப் பொம்பளை!" என்றாள்.

பால்மி கோப்பையைக் கீழே வைத்தார். ஒட்னி சட்டியையே பார்த்துக்கொண்டு, "கடைன்னுதாங்க நெனச்சேன்... படத்துல பார்த்தா கடை மாதிரிதான் இருந்துச்சு..." என்று இழுத்தாள்.

பால்மிக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி, தோளைக் குலுக்கி, கடைசியில் கண்ணில் தண்ணீராக வந்தது. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "நீங்களா! பார்க்கணும் பார்க்கணும்னு எத்தனை நாளா நெனச்சுக்கிட்டு இருக்கேன்! உங்களால நான் ஸ்பானிஷ் பேசறேன் தெரியுமா? கொரியாவுல இருந்து எனக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்துச்சு!"

"இனிமே யாரையும் அனுப்ப மாட்டேங்க, சத்தியமா."

பால்மியின் சிரிப்பு சட்டென்று நின்றது. "ஏன்? நான் என்ன பண்ணேன்?" என்றார். நிஜமாகவே பயந்த குரல். "என் பொஞ்சாதி போனதுக்கப்புறம் இந்த மேசையில நான் தனியாத்தான் சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். நீங்க பாட்டுக்கு அனுப்புங்க. செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம். அன்னிக்கு நான் ஊருக்குள்ள போய் முடி வெட்டிக்கிட்டு, கடை கண்ணியெல்லாம் பார்த்துட்டு வருவேன்."

அன்று அவர்கள் கிளம்பவே இல்லை. பால்மி குதிரைகளைக் காட்டினார். வல்போர்க் ஒரு கிழட்டுக் குதிரைமேல் ஏறி இறங்கினாள். இரவுச் சாப்பாட்டுக்கு ஆட்டுக்கறி சூப். சாப்பிடும்போது கொலராடோவிலிருந்து ஒரு தம்பதி தட்டாமல் உள்ளே வந்தார்கள். ஒட்னியே எழுந்து மாவைக் கரைத்தாள். அவள் சுட்டது கிழிந்து கிழிந்து வந்தது. தம்பதி அதையும் படம் பிடித்துக்கொண்டார்கள்.

மேற்கே போர்கர்நெஸைத் தாண்டி மலையடிவாரத்தில் காற்று பேயாக அடித்தது. ஒட்னி வண்டியை ஓரம் கட்டினாள். கார்க் கதவைத் திறக்கும்போது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும் என்று ஊர் உலகத்துக்கே எச்சரித்தவள், நீளும் மேகத்தைப் படம் எடுக்கும் அவசரத்தில் தன் கதவை ஒற்றை விரலால் திறந்தாள். 'படார்' என்றது. கதவு முன்பக்கமாக மடங்கி, புறாச் சிறகு மாதிரி தொங்கியது.

"பிடிச்சுக்கணும்னு ஒருத்தி சொல்லுவாளே, யாரு அது?" என்றாள் வல்போர்க்.

"வாயை மூடு. கயித்தை எடு."

அருகிலிருந்த பட்டறையில் ஒருவன் கதவைத் தட்டி ஓரளவு நிமிர்த்திக் கொடுத்தான். தாழ் மட்டும் விழவில்லை. கயிற்றால் இழுத்துக் கட்டி, அதன் மறுமுனையை வல்போர்க் கையுறை போட்ட கையில் சுற்றிக்கொண்டாள். கடலடிச் சுரங்கத்தில் இறங்கி ஏறி, ரெய்க்யாவிக்கை ஒதுக்கிவிட்டு, தென்கரை முழுவதும் அவள் அந்தக் கயிற்றைப் பிடித்தபடியே வந்தாள். காற்று இடுக்கு வழியாக ஊளையிட்டது. அதை மிஞ்சக் கத்திப் பேச வேண்டியிருந்தது. ஒன்பது பேர் கத்தும் வீட்டில் வளர்ந்தவளுக்குக் கத்திப் பேசச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை என்பதை ஒட்னி அப்போதுதான் கண்டுகொண்டாள்.

கறுப்பு மணல்வெளியும் பனிமலையும் கடந்து, ஹோஃப்னில் பொரித்த வெங்காயம் போட்ட சாசேஜ் ரொட்டி தின்று, ஊர் வந்து சேர்ந்தார்கள். ஹாக்கோன் கதவையும் கயிற்றையும் சுற்றி வந்து பார்த்தான். ஒன்றும் கேட்காமல் ஸ்பானர் எடுக்கப் போனான்.

அந்த வியாழக்கிழமை வல்போர்க், ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட கேக்கோடு வந்தாள். ஒட்னியின் தோழிகள் முதலில் கோப்பைகளை அளவுக்கு அதிகமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பால்மி துண்டோடு நின்ற கதையை அவள் சொல்லத் தொடங்கியதும் ஒருத்திக்குக் காபி மூக்கில் ஏறியது. அதற்குப் பிறகு அவளைக் கூப்பிட்டார்களா இல்லையா என்ற பேச்சே எழவில்லை. அவள் வராத வாரம், 'கேக் எங்கே' என்று ஆள் அனுப்பினார்கள்.

ஒட்னி பழையபடி கவுண்ட்டரில் உட்கார்ந்தாள். வடக்கே போகிறவர்களுக்கு வழி சொல்லும்போது, "கடை இல்லை, வீடு. கதவைத் தட்டிட்டுப் போங்க. செவ்வாய்க்கிழமை வேண்டாம்," என்று சேர்த்துக்கொண்டாள். தட்டச் சொன்னது பால்மிக்குப் பிடிக்கவில்லை. போன் செய்து சண்டை போட்டார். அந்தச் சண்டை வாரம் ஒரு முறை என்று வழக்கமாகிவிட்டது.

இலையுதிர் காலத்தில், மலையிலிருந்து குதிரைகளை இறக்கி முடித்த பிறகு, பால்மி தன் பழைய ஜீப்பை எடுத்துக்கொண்டு தீவைச் சுற்றக் கிளம்பினார். எதிரே வருகிற ஆட்களின் கதையிலேயே உலகத்தைப் பார்த்தது போதும் என்று தோன்றியதாம். செல்விக்கில் இரண்டு நாள் தங்கினார். முதல் நாள் சாயங்காலம் சுடுநீர்த் தொட்டியில் அவரும் ஹாக்கோனும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். பால்மி குதிரை வைத்தியம் பற்றிப் பேசப் பேச, ஹாக்கோன் தலையாட்டினான். வல்போர்க் கரையில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருவரையும் ரசித்தாள்.

மறுநாள் காலையில் ஒட்னி அவரைத் துறைமுகத்துக்கு அழைத்துப் போனாள். அலை தாழ்ந்திருந்தது. பாறைகள்மேல் கடல்நாய்கள் சோம்பலாகப் படுத்திருந்தன. அவ்வளவு பக்கத்தில் அவர் அவற்றைப் பார்த்ததில்லை.

"நம்மளையே பார்க்குதே," என்றார்.

"புது ஆளு வந்தா பார்க்கும்," என்றாள் ஒட்னி. "கையை ஆட்டுங்க."

பால்மி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி ஆட்டினார். ஒரு கடல்நாய் தலையைத் தூக்கியது. ஒட்னி பிளாஸ்கைத் திறந்து இரண்டு மூடிகளிலும் காபி ஊற்றினாள். காற்றுக்கு முதுகைக் காட்டி, படகு கட்டும் கல்லில் உட்கார்ந்து இருவரும் குடித்தார்கள்.